கல்லைப் பொரட்டாத தூண்டில்காரன்

வா கண்ணு, உக்காரு. அந்தக் கல்லு பாசி, வழுக்கும். இக்கட்ட வா. உன்ற சட்டையில எத்தனை பாக்கெட்டு இருக்குதுன்னு எண்ணிட்டு இருந்தேன். பதினேழோட கணக்குத் தப்பிப்போச்சு. நெஞ்சு வரைக்கும் ஏத்திக் கட்டுன ரப்பர் காச்சட்டை வேற. ஓடையில தண்ணி எத்தனைன்னு பாத்தயா? என்ற மொழங்காலுக்குக் கீழ. இந்தத் தண்ணியத் தாண்டறதுக்கு எங்கப்பன் வேட்டிய மடிச்சுக்கூடக் கட்டமாட்டாரு.

கோவிச்சுக்காத. கேலி பண்ற வயசு எனக்கு, கேட்டுக்கற வயசு உனக்கு. வேறென்ன வேலை நமக்கு?

காலம்பற ஏழு மணிக்கு வந்தே. பெட்டியத் தொறந்தே. தண்ணியில உன்ற நூலு விழறப்ப மணி ஒம்போது. நடுவுல என்ன பண்ணுனே? நாலு துண்டா இருந்த குச்சிய ஒண்ணாக் கோத்தே. ஒரு கண்ணாடியக் கழட்டி இன்னொரு கண்ணாடி மாட்டுனே. டப்பாவுக்குள்ள கொக்கியில கட்டி வெச்சிருக்கற பொய்ப்பூச்சிகள ஒவ்வொண்ணா எடுத்துப் பாத்துட்டு, பொண்ணு பாக்கப் போனவனாட்டம் எதுவும் புடிக்கலைன்னு திருப்பி வெச்சே. செல்போன்ல ஒருத்தன் இங்கிலீசுல என்னமோ சொல்லிட்டு இருந்தான். அத்தனை நேரமும் உன்ற காலுக்கு நாலடி தள்ளி ஒரு ட்ரவுட்டு மீனு மேஞ்சுட்டு இருந்துச்சு. நான் பாத்துட்டுத்தான் இருந்தேன். சொன்னா உன்ற படிப்பு கெட்டுப்போகுமேன்னு சொல்லல.

அந்தப் பூச்சிக்கு என்ன பேரு சொன்னே, நிம்ஃபா? என்ற பேத்திகிட்டக் கேட்டேன். காலேஜுல விலங்கியல் படிக்கறா. கிரேக்கக் கதையில நிம்ஃபுன்னா ஆத்துலயும் சுனையிலயும் இருக்கற தேவகன்னியாம். சரி, தேவகன்னியப் பாக்கலாம்னு உன்ற டப்பாவ எட்டிப் பாத்தா, உள்ள காஞ்ச எலந்தக்கொட்டையாட்டம் கெடக்குது ஒவ்வொண்ணும். பேரு வெச்சவனுக்குக் கண்ணுல கோளாறோ, இல்ல அவன் பாத்த தேவகன்னி அப்படியோ, தெரியல.

இப்ப அந்த டப்பாவ மூடு. நான் சொல்றதச் செய். கையத் தண்ணிக்குள்ள உடு. குளுருதா? குளுரத்தான் குளுரும். இந்தக் குளுரு இல்லீன்னா இந்த மீனே இல்ல. வட்டலு அகலத்துக்கு ஒரு கல்லு இருக்குது பாரு, வேகமா ஓடற எடத்துல. மெதுவாத் தூக்கு. திருப்பு. என்ன தெரியுது? ஒண்ணுமில்லையா? சித்த பொறு. பட்டணத்துக் கண்ணுக்குக் கொஞ்ச நேரம் புடிக்கும்.

நகருது பாரு. ஆங், அதேதான். தட்டையா, கல்லோட கல்லா ஒட்டிக்கிட்டு. தலை அகலம், பின்னால மூணு வாலு. வயித்துக்கு ரெண்டு பக்கமும் சன்னமா என்னமோ படபடன்னு துடிக்குதா? அதான் அது மூச்சு வாங்கற செவுளு. மேஃப்ளைன்னு சொல்றாங்களே, அதோட குஞ்சு. நீ சொன்ன நிம்ஃபு இதுதான். மூணு வாலுக்குப் பதிலா ரெண்டு வாலு இருந்து, ஆளும் கொஞ்சம் தாட்டியா இருந்தா அது ஸ்டோன்ஃப்ளை. அந்த மூலையில மணலையும் குச்சியையும் ஒட்டிக் கூடு கட்டிக்கிட்டு ஒருத்தன் உள்ளாற ஒக்காந்திருக்கான் பாரு, அவன் கேடிஸ். இந்த ஓடைக்கு அவன்தான் கொத்தனார். செங்கல்லும் வேண்டாம், சிமெண்டும் வேண்டாம். வாயில இருந்து வர்ற பட்டு நூல வெச்சே வீட்டக் கட்டிருவான். நீ பெங்களூருல அடுக்குமாடிக்கு இருவது வருசத் தவணை கட்டறயே!

இப்பச் சொல்லு. இந்த மேஃப்ளை குஞ்சு தண்ணிக்கடியில எத்தனை நாளு கெடக்கும்? ஒரு சாதி ஒரு வருசம் வரைக்கும் கெடக்குமாம். ரெக்கை மொளைச்சு மேல வந்தா எத்தனை நாளு? ஒரு நாளு, மிஞ்சுனா ரெண்டு மூணு. திங்கறதுக்கு வாயே வேலை செய்யாதாம் அப்ப. கல்யாணத்தப் பண்ணு, முட்டைய உடு, செத்துப்போ. அத்தோட முடிஞ்சுது. அப்ப ட்ரவுட்டு எதைத் தின்னு ஒடம்ப வளக்கும்? வருசம் முச்சூடும் கெடக்கற குஞ்சையா, ஒரு நாளைக்குப் பறக்கற ஈயையா? இதுக்குப் பொஸ்தகம் வேணுமா கண்ணு? கல்லைப் பொரட்டிப் பாத்தாப் போதாதா?

ஆனா இந்தச் சின்ன வெசயத்துக்கு இங்கிலீசுக்காரங்க அம்பது வருசம் சண்டை போட்டிருக்காங்க. அந்தப் பழமையச் சொல்றேன் கேளு. ராத்திரி அடுப்போரத்துல பேத்தி படிச்சுச் சொன்னது.

தெக்கு இங்கிலாந்துல சுண்ணாம்புப் பாறையில இருந்து ஊத்தெடுத்து வர்ற ஆறுக இருக்குது. தண்ணி கண்ணாடியாட்டம் இருக்குமாம். ஹால்ஃபோர்டுன்னு ஒரு பணக்காரத் தொரை. 1886ல மெதக்கற பூச்சி கட்டறதப் பத்திப் பொஸ்தகம் போட்டாரு. மீனு தண்ணிக்கு மேல வந்து ஈயத் திங்கோணும், அந்த ஈயாட்டமே ஒண்ணக் கட்டி மேல மெதக்க உட்டு அதைப் புடிக்கோணும். அதுதான் கண்ணியமுன்னாரு.  அவரும் அவரு பொறகால வந்தவங்களும் அதை வேதமாக்கிட்டாங்க. தண்ணிக்குள்ள முங்கற பூச்சியப் போடறவன் திருடனுக்குச் சமானம்னு ஆயிப்போச்சு.

ஸ்கூஸ்னு ஒருத்தரு வந்தாரு. லண்டன்ல வக்கீலு. வின்செஸ்டர் ஊருக்கிட்ட இட்சென்னு ஒரு ஆறு, அங்கதான் அவரு மீன் புடிக்கற எடம். வக்கீலுக்குச் சாட்சி வேணுமில்ல? புடிச்ச மீனோட வயித்துக்குள்ள எலும்பு மஜ்ஜை தோண்டற நீளக் கரண்டிய உட்டு, உள்ள இருக்கறத வெள்ளை வட்டல்ல கொட்டி, தண்ணி ஊத்திக் கலக்கிப் பாத்தாரு. நாம ஊட்டுல ஆட்டெலும்பத் தட்டி உறிஞ்சறோமே, அதுக்கு அவுங்க கரண்டி வெச்சிருக்காங்க பாரு. வட்டல்ல என்ன மெதந்துச்சுங்கறே? இப்ப நீ கல்லுக்கடியில பாத்தயே, அதே சாமானுதான். ரெக்கை மொளைக்காத குஞ்சுக. 1910ல பொஸ்தகம் எழுதி, முங்கற பூச்சியும் போடலாம், அதுலயும் நேர்மை இருக்குதுன்னாரு.

உட்டாங்களா? 1938 பிப்ரவரியில லண்டன்ல தூண்டில்காரங்க கிளப்புல கூட்டம் கூட்டி விவாதம் நடத்துனாங்க. அடுத்த வருசம் உலகப் போரு வெடிக்கப்போகுது. இங்க பெரிய மனுசங்க, தண்ணிக்கு மேல மீனை ஏமாத்தறது தர்மமா, அடியில ஏமாத்தறது தர்மமான்னு பேசிட்டு இருக்காங்க. அப்ப ஸ்கூசுக்கு எம்பது வயசு ஆகறதுக்கு ஆறு மாசம் பாக்கி. அவரு 1883ல இருந்து மீன் புடிச்ச எடத்த, கூட்டாளிக மொகஞ்சுளிச்சாங்கன்னு, அந்த வருசத்தோட உட்டுட்டுப் போனாரு.

ஏமாத்தறதுன்னு எறங்குனதுக்கப்புறம் மேல என்ன, அடி என்ன? கோழி திருடறவன் வாசல் வழியா வந்தா யோக்கியன், பொறக்கடை வழியா வந்தா அயோக்கியனா? மீனுகிட்ட யாராச்சும் கேட்டாங்களா?

எனக்குப் புடிச்ச ஆளு அவருக்கு அப்புறம் வந்தவரு. ஃபிராங்க் சாயர். தொரை கெடையாது. வில்ட்ஷயர்ல ஏவன்னு ஒரு ஆறு, அதுக்குக் காவக்காரரு. பட்டாளத்து ஆபீசருக மீன் புடிக்கறதுக்கு ஆத்தச் சுத்தம் பண்ணி, பாசி வெட்டி, மீனைப் பாத்துக்கற சம்பளக்காரரு. பொழுதன்னைக்கும் ஆத்தையே பாத்துட்டு இருக்கறவன் என்ன பண்ணுவான்? மீனு எதைத் திங்குது, எப்படித் திங்குதுன்னு பாத்து வெச்சுக்கிட்டாரு. ஃபெசன்ட்னு ஒரு கோழிச் சாதி, அதோட வாலு ரெக்கையில நாலு மயிரு, கொஞ்சம் செம்புக் கம்பி. கட்டறதுக்கு நூலே கெடையாது, அந்தக் கம்பியேதான் நூலு. காலு வெக்கல, முன்னால சுத்தற ரெக்கை வெக்கல. ஏன்னு கேட்டா, நீந்தற குஞ்சு காலை மடக்கி ஒடம்போட ஒட்டிக்கிட்டுத்தான் போகுது, நான் எதுக்குக் காலு வெக்கோணும்னாரு. பாத்தவன் பேச்சு எப்படி இருக்குது பாரு. கம்பியோட கனத்துல அது நேரா அடிக்குப் போயிருச்சு.

அதே மனுசன் கிரேலிங்ங்கற இன்னொரு மீனு ஆத்துல பெருகிப்போச்சுன்னு, கிழிஞ்ச சாக்ஸ் தைக்கற கம்பளி நூல எடுத்துக் கொக்கியில சுத்தி ஒரு பூச்சி பண்ணுனாரு. சாட்விக் கம்பெனி நூலு, 477ஆம் நம்பரு சாயம். அந்த நூலு கடைக்கு வர்றது நின்னுபோச்சு. அவ்வளவுதான், ஆளுக பித்துப் புடிச்சு அலைஞ்சாங்க. பழைய நூல்கண்டுக்கு நகை வெலை குடுத்து வாங்கி இரும்புப் பொட்டியில வெச்சுப் பூட்டறாங்களாம். சாக்ஸு தைக்கற நூலு, கண்ணு! சாயரு பொண்டாட்டியோட தையக் கூடையில கெடந்திருக்கும். சாயரு இருந்திருந்தா பக்கத்துக் கண்ட எடுத்துச் சுத்திட்டு ஆத்துக்குப் போயிருப்பாரு.

இதுல உச்சம் ஒண்ணு இருக்குது, கேட்டுட்டு சிரி. ஆலிவர் கைட்னு ஒரு மேஜரு, சாயருக்குப் பக்கத்துக்காரரு. 1963ல நிம்ஃபு போடறதப் பத்திப் பொஸ்தகம் எழுதுனவரு. மயிரும் வேண்டாம், கம்பளியும் வேண்டாம்னு, வெறுங் கொக்கியில நெஞ்சு இருக்கற எடத்துல செம்புக் கம்பிய மட்டும் சுத்தி, அதை வெச்சே ட்ரவுட்டப் புடிச்சுக் காட்டுனாரு. வெறுங் கொக்கி! உன்ற டப்பாவுல எத்தனை பூச்சி இருக்குது, நூத்திருவதா? சுண்டக்கா கால் பணம், சுமகூலி முக்கால் பணம்னு சும்மாவா சொன்னாங்க.

மொகம் வாடிப்போச்சே. சரி, உன்ற பக்கத்தையும் பேசறேன்.

உன்ற நூலு எனக்குப் புடிச்சிருக்குது. 5எக்ஸ்னு போட்டிருக்குதே. நம்பரு ஏற ஏற நூலு ஒல்லியாகும். கோயமுத்தூரு மில்லுல கவுண்ட்டு சொல்லுவாங்க தெரியுமா? நாப்பதாம் நம்பரு நூலவிட எம்பதாம் நம்பரு சன்னம். அதே கணக்குத்தான். பதினொண்ணுல இருந்து அந்த எக்ஸு நம்பரக் கழிச்சா, மிச்சம் அங்குலத்துல ஆயிரத்துல அத்தனை பங்கு. பதினொண்ணுல அஞ்சு போனா ஆறு. உங்க கணக்குல 0.15 மில்லிமீட்டரு. நான் சின்னப்பையனா இருந்தப்ப இப்படிப்பட்ட நூலு இங்க ஏது?

அதையும் சொல்லிர்றேன். 1950கள்ல நீலகிரியில குந்தா மின்சாரத் திட்டத்துக்கு அணை கட்டறப்ப எங்கப்பன் கல்லு ஒடைக்க மலை ஏறுனாரு. கனடாக்காரங்க ஒதவி பண்ணுன திட்டம். எனக்கு ஒம்போது பத்து வயசு. லீவு நாள்ல ஒரு எஸ்டேட் தொரைக்கு மீன்கூடை தூக்குவேன். அரை ரூவா குடுப்பாரு. அவரு பழங்காலத்து ஆளு. பட்டுப்புழு வயித்துல இருந்து இழுத்துக் காய வெச்ச நரம்புதான் அவருக்குத் தூண்டில் நூலு. அதை ஊற வெச்சாத்தான் முடிச்சுப் போட முடியும். ஈரத்துணி வெச்ச தகர டப்பாவ கையில புடிச்சுக்கிட்டு அவரு பொறகாலயே நடக்கறது என்ற உத்தியோகம். காலம்பற முச்சூடும் மெதக்கற பூச்சிய வீசிக்கிட்டே இருப்பாரு. வீச்சு அழகா இருக்கும், சாட்டை சொடுக்கறாப்ல. மீனு? கூடை லேசாத்தான் இருக்கும், எனக்கும் சொகம். ஒரு நாளு கல்லைப் பொரட்டி இந்தப் பூச்சிய எடுத்துக் காட்டுனேன். குனிஞ்சு பாத்தாரு. பாத்துட்டு, கைய நல்லாக் கழுவுடான்னு சைகை பண்ணிட்டு மறுபடி வீசப் போயிட்டாரு.

இந்த மீனே நம்மூரு மீனு இல்ல, தெரியுமில்ல? வானவில் ட்ரவுட்டு. அமெரிக்காவுல மேக்குக் கடலோரத்து ஆறுகதான் அதோட பொறந்த ஊரு. 1863ல ஃபிரான்சிஸ் டேன்னு ஒரு டாக்டரு, இந்தியா மீனுகளப் பத்திப் பெரிய பொஸ்தகம் எழுதுனவரு, ட்ரவுட்ட நீலகிரிக்குக் கொண்டாரப் பாத்தாரு. கைகூடல. அப்புறம் வில்சன்னு ஒருத்தரு முட்டைய வரவழைச்சு, அவலாஞ்சியில 1907ல பொறிக்கற பண்ணை வெச்சு, அதுக்கப்புறந்தான் மீனு நெலைச்சுது. 2,000 மீட்டருக்கு மேல இருக்கற குளுரு தண்ணி ஒத்துக்கிச்சு. தொரைகளுக்கு ஊரு ஞாபகம் வந்தா மீனுக்கும் கப்பல் டிக்கெட்டு! வந்த விருந்தாளி நம்ம ஓடையில பூச்சியையும் பொடிமீனையும் வழிச்சுத் தின்னுருச்சேன்னு பேத்தி பொலம்பறா. அவ சொல்றதும் நாயந்தான். முக்குர்த்திப் பக்கம் தேசியப் பூங்கா ஆயிருச்சு, அங்க குச்சிய எடுத்துட்டுப் போயிராத. எங்க போனாலும் கேட்டுட்டு, சீட்டு வாங்கிட்டு எறங்கு.

சரி, உன்ற தக்கைக்கு வருவோம். அதுக்கு என்னமோ பேரு சொன்னயே, ஸ்ட்ரைக் இண்டிகேட்டரா? பவானி ஓரத்துல பொடுசுக மயில் எறகுத் தண்ட அறுத்து நூல்ல கோத்துத் தொங்க உடுமே, அதுக்கு என்ன பேரு? தக்கை. நீ கடையில காசு குடுத்து வாங்குனது? அதுவும் தக்கை. சாயம் பளபளன்னு இருக்குது, ஒத்துக்கறேன்.

தக்கையில தப்பில்ல. நீ அதைப் போட்ட விதத்துலதான் தப்பு. இந்த வெசயத்த மட்டும் காதக் குடுத்துக் கேளு, மத்ததெல்லாம் நான் பொழுது போகறதுக்குப் பேசறது.

ஓடற தண்ணி மேல ஒரு வேகம், அடியில ஒரு வேகம். அடித்தண்ணி கல்லுல ஒரசி ஒரசிப் போகுது, அதனால மெதுவு. மேல போறது பஸ்ஸு, அடியில போறது மாட்டு வண்டின்னு வெச்சுக்க. நீ தக்கையப் பஸ்ஸுல ஏத்திட்டே, பூச்சிய வண்டியில ஏத்திட்டே, ரெண்டுக்கும் நடுவுல கவுறு கட்டிட்டே. என்ன ஆகும்? பஸ்ஸு வண்டிய இழுத்துட்டு ஓடும். அடியில மேஞ்சுட்டு இருக்கற மீனு பாக்குது. அக்கம்பக்கத்துப் பூச்சியெல்லாம் வண்டி வேகத்துல வருது, இது மட்டும் பஸ்ஸு வேகத்துல பறக்குது. எந்த மீனாச்சும் வாயத் தொறக்குமா? ஒதுங்கி வழி உடும்.

அதுக்குத்தான் நூல மேப்பக்கமா தூக்கி ஒரு சொழட்டுச் சொழட்டி, மடிச்சுப் போடறது. மெண்டிங்னு நீ சொன்னயே, அது. தக்கையில இருந்து பூச்சி வரைக்கும் தண்ணி ஆழத்துல ஒண்ணரை மடங்கு நூலு உடுன்னு உன்ற செல்போன் ஆளு சொன்னான். தோராயத்துக்குச் சரி. ஆனா ஆத்துல பத்தடிக்கு ஒரு ஆழம். நீ காலம்பற வெச்ச அளவ இன்னும் மாத்தல. ஆத்துல போட்டாலும் அளந்து போடுங்கறது காசுக்கு மட்டும் சொன்னதுன்னு நெனச்சயா?

தக்கையே வேண்டாங்கறவங்களும் இருக்காங்க. செக்கு நாட்டுக்காரங்க, போலந்துக்காரங்க. 1981ல இருந்து இதுக்கு உலகப் போட்டி நடக்குதாம். போட்டியில தக்கை கட்டக்கூடாது, நூல்ல ஈயக் குண்டு கட்டக்கூடாதுன்னு சட்டம். சட்டம்னு ஒண்ணு வந்தா சந்து ஒண்ணும் வருமில்ல? கனத்தப் பூச்சிக்குள்ளயே வெச்சுட்டாங்க. டங்ஸ்டன் மணி, ஈயத்தக் காட்டிலும் ஒண்ணரை மடங்குக்கு மேல கனம். குச்சி பத்தடி, பதினோரடி. வீச்செல்லாம் கெடையாது. மீனுக்குப் பக்கமாப் போயி, குச்சிய நீட்டிப் புடிச்சு, நூலு முக்காவாசி தண்ணியிலயே படாம, பூச்சி அடியில உருள உருளக் குச்சியும் கூடவே போகோணும். முறத்த நீட்டிக்கிட்டு கோழிக்குப் பொறகால போற பொம்பளையாட்டம். பாக்கறதுக்கு அழகா இருக்காது. ஆனா மேல ஓடற பஸ்ஸு நூலத் தொடவே தொடாது பாத்தயா? வண்டி வேகத்துலயே வண்டி போகும். பவானியில பொடுசுக இதைத்தான் மூங்கில் குச்சியில பண்ணுதுக. அவுங்களுக்கு யாரும் கோப்பை குடுக்கல.

சரி, எங்க போடறது? நீ ஓடை நடுவுல, நல்லா நொரைச்சு ஓடற எடத்துலயே வீசிட்டு இருந்தே. மாட்டுச் சந்தையில தரகன் எங்க நிப்பான், பாத்திருக்கயா? கூட்டத்துக்கு நடுவுல நின்னு இடிபட மாட்டான். ஓரமா, வேப்பமரத்து நெழல்ல நிப்பான். ஆனா சந்தைக்குள்ள போற ஒவ்வொரு மாடும் அவன் மூக்குக்கு முன்னால போகோணும். ட்ரவுட்டும் அதே புத்திதான். வேகத் தண்ணியும் மெதுத் தண்ணியும் ஒரசற கோடு தெரியுதா, நொரை கோடு போட்டாப்ல? அந்தக் கோட்டுக்கு மெதுப்பக்கமா நிக்கும். கல்லுக்கு முன்னால ஒண்ணு, பின்னால ஒண்ணு நிக்கும். தலை எப்பவும் தண்ணி வர்ற பக்கம். அப்ப நீ எந்தப் பக்கமா வரோணும்? பொறகால இருந்து, குனிஞ்சு. நீ மேட்டுல நின்னுட்டு ஆரஞ்சுத் தொப்பி போட்டுக்கிட்டுக் கைய ஆட்டுனா, அது உனக்கு வணக்கம் சொல்லிட்டுப் போயிரும்.

குச்சியக் குடு, நான் ஒருக்காப் பாக்கறேன். சிரிக்காத.

அந்தக் கல்லுக்கு ஓரமா, பாரு. போட்டாச்சு. எறங்குது. கூடவே போறேன். இந்த நூல்ல ஒரு மொழத்துக்கு ஆரஞ்சும் மஞ்சளும் சாயம் போட்டிருக்குதே, இதை மட்டும் நான் கொறை சொல்லமாட்டேன். என்ற கண்ணுக்கே தெரியுது. இதைத்தான் பாக்கோணும். நூல வெட்டி இழுக்கும்னு நெனச்சுட்டு ஒக்காந்திராத. கெளுத்தியா அது? ட்ரவுட்டு வாயில வெச்சுப் பாக்கும், ருசி இல்லீன்னா கண்ணு மூடித் தொறக்கறதுக்குள்ள துப்பிரும். நூலு சும்மா ஒரு கணம் நிக்கும், அவ்வளவுதான். நிக்கறதுக்கு நாயமில்லாத எடத்துல நின்னா...

போச்சு. பாத்தயா? நின்னுச்சு, நான் உங்கிட்டப் பழமை பேசிட்டு இருந்தேன்.

மறுக்கா. ஆங். போச்சு. இது கல்லுன்னு நெனச்சேன். கல்லு எதுக்கு அசையுது? மூணாவது தடவை. கை தூக்கறதுக்குள்ள... சரி, உடு. எழுபத்தெட்டு வயசுக் கையி. என்ற பேத்திகிட்ட இதைச் சொல்லாத.

நீ வா. இந்தா புடி. கல்லுக்கு மேப்பக்கமாப் போடு, எறங்கறதுக்கு எடம் குடு. குச்சி நுனி நூலுக்கு முன்னால போகட்டும், இழுக்காத, கூட்டிட்டு மட்டும் போ. இப்பக் கடைசியில, தண்ணி மேடேறற எடத்துல, மெதுவா குச்சியத் தூக்கு. ரெக்கை மொளைக்கற குஞ்சு அடியில இருந்து மேல ஏறும் பாரு, அந்த மாதிரி தெரியும் மீனுக்கு. சாயரும் கைட்டும் பண்ணுன தந்திரம் இதான். நின்னுச்சு! தூக்கு! வெட்டி இழுக்காத, மணிக்கட்ட மட்டும் தூக்கு!

அட, மாட்டிக்கிச்சு! உன்ற மொகத்தப் பாரு, மொதல் சம்பளம் வாங்குனவனாட்டம். கத்தாத, கரடி வந்துரும். குச்சிய ஒசத்திப் புடி, ஓடறப்ப ஓட உடு. 0.15 மில்லிமீட்டரு நூலு, ஞாபகம் வெச்சுக்க. நெதானம்... வலைய அடியில குடு. வந்துருச்சு.

ஒண்ணரைச் சாணு இருக்கும். கைய மொதல்ல நனை. காஞ்ச கையில தொட்டா அது மேல இருக்கற வழவழப்பு போயிரும், அப்புறம் பூஞ்சை புடிக்கும். போட்டோ வேணுமா? எடு, ஆனா மீனு தண்ணியிலயே இருக்கட்டும். நீ மூச்சப் புடிச்சுக்கிட்டு எடு. உனக்கு எப்ப மூச்சு முட்டுதோ அப்பவே அதுக்கும் முட்டுதுன்னு வெச்சுக்க. முள்ளு இல்லாத கொக்கி தானே? ஆங், பாத்தயா, உருவுனா வந்துருச்சு. உன்ற பாக்கெட்டுல இருந்து வந்த சாமான்லயே இதான் உருப்படி. தலைய தண்ணி வர்ற பக்கமாத் திருப்பிப் புடி. வாலு அடிக்கற வரைக்கும் உடாத. வெயில் காலத்துல தண்ணி 20 டிகிரி தாண்டுச்சுன்னா குச்சியவே எடுக்காத கண்ணு, அப்ப மூச்சுக்கே அது தவிச்சுட்டு இருக்கும்.

போயிருச்சு. அதே கல்லுக்குத்தான் போகும்.

எந்தப் பூச்சியில கடிச்சுதுன்னு பாரு. காட்டு. ஃபெசன்ட் வாலா? நூத்திருவதுல அது ஒண்ணுதான் சம்பாதிச்சுட்டு வந்திருக்குது, மத்தது பூராவும் ஒக்காந்து திங்கற ஒறம்பரை.

மஞ்சு எறங்குது. இனி ஒண்ணும் தெரியாது. ஃபிளாஸ்குல டீ கொண்டாந்திருக்கேன், இஞ்சி தட்டிப் போட்டது. டம்ளரு எடு. என்ன முழிக்கறே? பதினேழு பாக்கெட்டுல ஒரு டம்ளரு இல்லையா? முதுகுப் பக்கம் ஒண்ணு இருக்குது பாரு, பெருசா. அதுலயும் இல்லையா? சரி, அந்தப் பூச்சி டப்பாவோட மூடியக் கழட்டிக் கழுவிட்டு வா, அதுல ஊத்தறேன். பூச்சியெல்லாம் எங்க கொட்டறதுங்கறயா? பாக்கெட்டு எதுக்கு இருக்குது?